கிளி சொன்ன ஒரு சொல்

கேப்டன் எலியாஸ் இரண்டு வருஷம் கழித்து வேல்ஸின் தென்பக்கத்துக் கடற்கரை ஊரான அபர்போர்த்துக்குத் திரும்பியபோது கையில் ஒரு பச்சைக் கிளி இருந்தது. சிலி நாட்டு வல்பரைசோ சந்தையில் வாங்கியதாம். அவர் மனைவி எஸ்தரும் நம்பினாள், கிளி வாயைத் திறக்கும்வரை.

"ரூவன் வா கண்ணு, சூப்பு ஆறிப்போகுது" என்றது அது, சுத்தமான வெல்ஷ் மொழியில், ஒரு பெண்ணின் குரலில்.

வெறும் வாயை மெல்லும் ஊருக்கு அவல் கிடைத்தது. கிளியைப் பார்க்கிற சாக்கில் வந்தவர்கள் எஸ்தரின் முகத்தைத்தான் பார்த்தார்கள். கப்பலில் பாதிப்பேர் நம்மூர்ப் பையன்கள், அவர்களிடம் கற்றிருக்கும் என்று பக்கத்து வீட்டு சாரா ஆறுதல் சொன்னாள். எஸ்தர் தலையாட்டினாள். ஆனால் ரூவன் என்ற அந்தச் சொல் முள்ளாகத் தைத்தது. 'இப்போது' என்பதற்கு எங்கள் பக்கத்தில் நௌர் என்போம். வேல்ஸின் வடக்கத்தியார்தான் அதையே, வெல்ஷ் எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்த மாதிரி, ரூவன் என்பார்கள். நம்மூர்ப் பையன் செத்தாலும் அப்படிச் சொல்ல மாட்டான். அப்படியென்றால் யாரோ ஒரு வடக்கத்திக்காரி. எஸ்தருக்குக் கோபத்தைவிட ஆவல்தான் அதிகம். அதை ஒப்புக்கொள்ள அவளுக்கே வெட்கமாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கு வயதென்ன, சூப்பில் என்ன போடுவாள், எந்தத் துறைமுகத்தில் இருக்கிறாள்?

ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டேவிட்டாள்.

"ஏன் கேப்டனே, சிலி நாட்டுக் கிளியெல்லாம் வடக்கத்திப் பேச்சுதான் பேசுமா?"

எலியாஸ் கரண்டியை வைத்தார். இனி மறைத்துப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. வல்பரைசோவில் அவர் கப்பலுக்குப் பக்கத்தில் வடக்கு வேல்ஸ் போர்த்மடோக்கின் கப்பல் ஒன்று நின்றிருந்தது. அதன் கேப்டன் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனவர். தென் அமெரிக்காவின் தென்கோடி ஹார்ன் முனையைச் சுற்றும்போது அவள் காய்ச்சலில் இறந்துபோனாள். உடலைக் கடலில்தான் இறக்கினார்கள். கிளி அவளுடையது.

"அதுக்கப்புறமும் இது வேளை தவறாம அந்த மனுஷனைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கு. தாங்க முடியாம என்கிட்ட கொடுத்துட்டாரு. செத்தவ குரலை வீட்டுக்குள்ள கொண்டுவராதேன்னு சொல்லுவியோன்னு பயந்துதான் உன்கிட்ட பொய் சொன்னேன்."

"நீங்க ஏன் வாங்கிக்கிட்டீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கப்பல்ல கேப்டன் தனியாத்தான் சாப்பிடணும், எஸ்தர். என்னைச் சாப்பிடக் கூப்பிட அங்க யாரு இருக்கா?"

இத்தனை நாளும் மனசுக்குள் சந்தேகப்பட்டது ஒரு செத்தவளையா என்று எஸ்தருக்கு உடம்பு கூசியது. எழுந்துபோய்க் கிளிக்கு ஒரு துண்டு ரொட்டி கொடுத்தாள்.

"அடுத்த பயணத்துக்கு இது சாரா வீட்டுல இருக்கட்டும்" என்றாள். "நௌர் வாங்கன்னு சாப்பிடக் கூப்பிட நான் கப்பல்ல வரேன்."