இடது பக்கத்து எண்ணெய்

எல்லோரும் குட்டையன் என்று கூப்பிட்டாலும் அவன் குட்டையானவன் அல்ல. கூட்டத்தில் நின்றால் யாருக்கும் தனியாகத் தெரியாத, சராசரி உயரம். பதினோரு வருடம் நெட்டையின் பக்கத்தில் நின்றதால் வந்த பெயர் அது. பவுலிங் சுற்றுப்போட்டிகளில் இடது கைக்காரர்கள் இரண்டே பேர். ஆரம்பத்தில் இருவரையும் பீச்சாங்கை என்றுதான் கூப்பிட்டார்கள். எந்தப் பீச்சாங்கை என்று தினமும் குழப்பம் வரவே, ஒருவன் நெட்டை ஆனான், இன்னொருவன் குட்டை ஆனான். போன வருடக் கடைசியில் இடுப்பு எலும்பு தேய்ந்துபோய் நெட்டை ஆட்டத்தை விட்டுப் போய்விட்டான். ஜோடியில் ஒன்று தொலைந்த செருப்பு மாதிரி, பெயர் மட்டும் குட்டையனிடம் மிஞ்சியது.

பாட்டில் மாதிரி நிற்கும் பத்துப் பின்களைப் பந்து உருட்டி வீழ்த்துவது ஊருக்கு விளையாட்டு. குட்டையனுக்கு அது இருபத்திரண்டு வருட உத்தியோகம். மார்ச்சில் தொடங்கி நவம்பர் வரை ஊர் ஊராகக் கார் ஓட்டுவான். ஏறக்குறைய ஏழு கிலோ எடையுள்ள பந்துகள் ஆறு, காலணி இரண்டு ஜோடி, கட்டைவிரலுக்கு ஒட்டும் டேப், ஒரு நோட்டுப் புத்தகம். கல்யாணப் பேச்சு வந்த போதெல்லாம் ஏதாவது ஓர் ஊரில் போட்டி இருந்தது. அப்புறம் பேச்சே வரவில்லை.

இந்த ஆட்டத்தின் சூட்சுமம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளில் இருக்கிறது. காலையில் ஒரு இயந்திரம், பந்து உருளும் லேன் முழுக்க, நடுவில் கூடுதலாகவும் ஓரத்தில் குறைவாகவும் மெல்லிய எண்ணெய் பூசிவிட்டுப் போகும். எண்ணெய் உள்ள இடத்தில் பந்து வழுக்கும். காய்ந்த இடத்தில் பிடித்துக்கொண்டு திரும்பும். உருளும் ஒவ்வொரு பந்தும் கொஞ்சம் எண்ணெயைத் துடைத்துக்கொண்டு போவதால், ஆட்டம் போகப் போகப் பாதை காயும். பாதை காய்ந்தால் ஆட்டக்காரன் நிற்கும் இடத்தையும் நடுப்பக்கமாக ஒன்றிரண்டு பலகை தள்ளிக்கொள்ள வேண்டும். பலகை என்றால் லேனில் நீளவாட்டில் பதித்திருக்கும் மெல்லிய மரப்பட்டை. இரண்டு விரல் அகலம்கூட இருக்காது. அந்த இரண்டு விரலில்தான் பிழைப்பு.

வலது கைக்காரர்கள் ஒரே பாதையில் போடுவதால் அவர்களுக்குள் ஓயாத பேச்சு. எங்கே காய்ந்தது, எப்போது நகர்ந்தாய், எந்தப் பந்து பிடிக்கிறது என்று காபி மெஷின் அருகில் நின்று ஊர்க்கதை மாதிரி பேசிக்கொண்டிருப்பார்கள். குட்டையன் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும். ரகசியம் ஒன்றும் இல்லை. அவனுக்கு அது பயன்படாது, அவ்வளவுதான்.

"உனக்கென்னப்பா குட்டை, தனிப்பட்டா நிலம்," என்பார் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்துவிட்டுச் சுற்றுக்கு வந்தவர். "நாங்க இங்க அம்பது பேர் ஒரே ரூம்ல வாடகைக்கு இருக்கோம்."

குட்டையன் சிரித்து வைப்பான்.

பருவத்தின் கடைசிப் போட்டி இது. இரண்டு நாள், நாளைக்கு ஆறு ஆட்டம், ஆறும் ஒரே ஜோடி லேனில். மொத்த எண்ணிக்கையில் முதல் பதினாறு பேருக்குள் வந்தால்தான் அவனுக்கு அடுத்த வருடம் சுற்றில் இடம். வராவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

முதல் நாள் எப்போதும் போலத்தான் நடந்தது. மூன்று ஆட்டம் பிரமாதம்; ஒரு கட்டத்தில் ஒன்பதாவது இடத்தில் இருந்தான். நாலாவது ஆட்டத்தில் பந்து சோர்ந்துபோனது. நல்ல இடத்தில்தான் போய் மோதியது, ஆனால் மோதலில் உயிர் இல்லை. திரும்பத் திரும்ப இடது மூலையில் ஏழாம் பின் மட்டும் நின்றது. சாயங்காலம் முடிவுப் பட்டியலில் பார்த்தால் இருபத்தேழாவது இடம்.

லாட்ஜ் அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் அவன், ஒன்றில் பந்துகள். அறை சூட்டில் இருந்தால் பந்துகளுக்கு நல்லது என்பதால் காரில் விட மாட்டான். ஆறையும் துடைத்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தபோது தங்கச்சி போனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, எத்தனாவது?"

"இருபத்தேழு."

"அது நல்லதா கெட்டதா?"

"பதினாறு வேணும்."

"ஓ." பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது. "இல்லண்ணே, அவரு சொல்றாரு... ஒண்ணாந்தேதியிலேர்ந்து நம்ம டைல்ஸ் கடையில வந்து உக்காந்துக்கட்டும்னு. டைல்ஸ் ஒண்ணும் உருண்டு ஓடாது, நின்ன எடத்துல நிக்கும்னு சிரிக்கிறாரு."

"மாப்பிள்ளைக்கு நக்கல் ஜாஸ்தி."

"நக்கல் இல்லண்ணே, நெஜமாத்தான் கூப்பிடறாரு. நீ எங்கயோ ஒரு ரூம்ல ஒத்தையில கெடக்கறேன்னு எனக்குத் தூக்கம் வர வேணாமா? சாப்பிட்டியா?"

"ஆச்சு."

"என்ன சாப்பிட்ட?"

"சாப்பிட்டேன்மா."

போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான். மாப்பிள்ளை நல்ல மனுஷன்தான். ஆனால் அந்தக் கடையில் பளபளவென்று அடுக்கிய டைல்ஸ்களுக்கு நடுவே, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் 'இவர் என் மச்சான், முன்னாடி பவுலிங் ஆடினாரு' என்று அறிமுகம் ஆகிக்கொண்டு உட்கார்ந்திருக்க அவனால் முடியாது. பத்துப் பின்னும் ஒரே நேரத்தில் விழும்போது ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காக எத்தனை லாட்ஜ் அறையிலும் அவனால் படுக்க முடியும்.

நோட்டுப் புத்தகத்தை எடுத்தான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வரி: எந்தப் பந்து, எந்தப் பலகை, எப்போது நகர்ந்தான், எத்தனை பின். போன வருடமும் அதற்கு முந்தின வருடங்களிலும் நாலாவது ஆட்டத்தில் 'இரண்டு உள்ளே' என்று எழுதியிருந்தான், எண்ணிக்கை ஏறியிருந்தது. இந்த வருடமும் அதே நாலாவது ஆட்டம், அதே 'இரண்டு உள்ளே'. எண்ணிக்கை இறங்கியிருந்தது. ஒன்பது போட்டி, ஒன்பதிலும். செய்தது மாறவில்லை என்றால் செய்தவன்தான் மாறியிருக்க வேண்டும். நாற்பத்தெட்டு வயதுக் கை. அதற்கு என்ன வைத்தியம்?

இதே வயதில் இதே பக்கம் போட்ட ஒருவனைத்தான் கேட்க வேண்டும். ஆனால் நெட்டையோடு அவனுக்கு அப்படி ஒன்றும் ஒட்டுறவு கிடையாது. இரண்டு இடது கைகளையும் ஒரே ஜோடி லேனில் போட்டுவிடுவது ஏற்பாட்டாளர்களின் வழக்கம். அதனால் பதினோரு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள், ஒரே கோட்டில் மாறி மாறிப் போட்டார்கள். பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு தபால் அட்டைக்குக் காணாது. அதிலும் நெட்டைக்கு ஒரு கெட்ட பழக்கம். குட்டையனுக்கு ஏழாம் பின் நின்றால் பெஞ்சிலிருந்து 'ச்சு' என்று நாக்கைத் தட்டுவான். ஒருமுறை பொறுக்க முடியாமல் ஏற்பாட்டாளர்களுக்கு எழுத்து மூலம் புகார்கூடக் கொடுத்திருக்கிறான் குட்டையன். அவர்கள் படித்துவிட்டுச் சிரித்தார்கள்.

காலை ஏழரைக்கு நெட்டையைப் போனில் கூப்பிட்டான். எடுத்தவுடன் காதைப் பிளக்கும் இரைச்சல். இருபது பிள்ளைகள் ஒன்றாகக் கத்தும் சத்தம். நெட்டை இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது.

"யாரு?"

"நான்தான். குட்டை."

"குட்டையா? என்னடா, யாராவது செத்துட்டாங்களா?"

"இல்ல. வண்டி ஓட்டறியா? அப்புறமா கூப்பிடறேன்."

"நிறுத்தித்தான் வெச்சிருக்கேன். ஒரு வாண்டு இன்னும் ஷூ போட்டுட்டே இருக்கான் வீட்டுக்குள்ள. சொல்லு. பதினோரு வருஷத்துல நீ எனக்குப் போன் பண்ணதே இல்ல. புகார்தான் எழுதிக் குடுத்திருக்க."

குட்டையனுக்கு முகம் சூடானது. "அத விடுடா. நாலாவது ஆட்டத்துல பந்து செத்துப் போகுது. உனக்கு அப்படி ஆகியிருக்கா?"

"எவ்வளவு நகர்ற?"

"எப்பவும் போல ரெண்டு. அப்புறமும் சரியா வரலன்னா இன்னும் ரெண்டு."

"எதுக்கு நகர்ற?"

"என்னடா கேள்வி இது? எண்ணெய் காஞ்சிரும்ல."

"யாரு காய வெக்கறா?"

குட்டையன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"டேய், கேக்கறேன்ல. இடது பக்கம் உன்கூட யாரு போடறா?"

"யாருமில்ல."

"அப்புறம் யாருடா காய வெக்கறா? பாதி எண்ணெய நான்தான் தொடச்சேன். நான் இங்க வேன்ல உக்காந்திருக்கேன், முட்டாளே! ஏய், சிவப்புப் பை, கைய உள்ள எடு! உள்ள எடுன்னு சொன்னேன்! காயாத எடத்துல காஞ்சிருச்சுன்னு நெனச்சு நீயே போய் எண்ணெய்க்குள்ள எறங்கி நிக்கற. பந்து வழுக்கிட்டுப் போய்ச் சோர்ந்து விழாம என்ன பண்ணும்?"

காய்ந்த பாதையிலும் பந்து முன்கூட்டியே திரும்பிக் களைத்துச் சோரும். எண்ணெய் மிகுந்தாலும் திரும்பாமல் வழுக்கிச் சோரும். இரண்டுக்கும் மூலையில் நிற்பது அதே ஏழாம் பின்தான். ஒன்பது மாதமாக ஒன்றை மற்றொன்று என்று நம்பி, இன்னும் இன்னும் உள்ளே போயிருக்கிறான். இல்லாத ஒருவனுக்காக ஒதுங்கி ஒதுங்கி நின்றிருக்கிறான்.

"கேக்குதா?" என்றான் நெட்டை.

"கேக்குது." தயங்கிவிட்டுக் கேட்டான்: "அந்த நாக்கத் தட்டுவியே, அது எதுக்குடா?"

"எது? அதுவா? நல்லாப் போட்டும் ஒத்தப் பின்னு நின்னா பாக்கறவனுக்கு வயிறு எரியாதா? பெஞ்சுல நாம ரெண்டு பேர்தானே. வேற யாரு எரியறது? சரி, ஷூ வந்துருச்சு. வை."

அன்றும் மூன்று ஆட்டங்கள் நன்றாகப் போயின. நாலாவது தொடங்கும்போது அவன் கால்கள் அவனைக் கேட்காமலே இரண்டு பலகை நகர்ந்து நின்றன. குனிந்து பார்த்தான். பதினோரு வருடம் பழகிய கால்கள். அவற்றைக் குற்றம் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய இடத்தில் வைத்தான். கூசியது. பேருந்தில் பக்கத்து இருக்கை காலியான பிறகு அதிலும் சேர்த்துக் காலை நீட்டி உட்கார்கிற மாதிரி இருந்தது. போட்டான். பந்து வெளியே போய், பிடித்து, திரும்பி, பத்தையும் அள்ளிக்கொண்டு போனது.

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். ஐந்தாவது ஆட்டத்தில் கால்கள் நகரப் பார்ப்பதை நிறுத்திவிட்டன. இடது பக்கத்தில் காலையில் பூசிய எண்ணெய் ஏறக்குறைய அப்படியே இருந்தது. அதில் ஒரே ஒரு ஆளின் தடம். அது தெரிந்த பிறகு ஆட்டம் சுலபமாகிவிட்டது. லேன்தான் முன்னைவிட அகலமாகத் தெரிந்தது.

ஆறாவது ஆட்டத்தின் கடைசிப் பந்துக்கு நின்றபோது வாத்தியார் பின்னாலிருந்து கணக்குச் சொன்னார். "ஒன்பது போதும்ப்பா குட்டை. ஒன்பது விழுந்தா பதினாறாவது. எட்டுன்னா ஊருக்கு."

போட்டான். சரியான இடம். சத்தமும் சரியான சத்தம்தான், கடைசியில் ஒரு இழை மட்டும் குறைந்தது. ஒன்பது விழுந்தன. ஏழாம் பின் ஒருமுறை ஆடிப் பார்த்துவிட்டு நின்றது.

இரண்டு மூன்று பேர் கை தட்டினார்கள். குட்டையன் கோட்டருகிலேயே நின்று, பெஞ்சின் பக்கம் ஒரு கணம் காதைக் கொடுத்தான். பெஞ்சின் இடது கோடியில் யாரோ தங்கள் பையை வைத்திருந்தார்கள். 'ச்சு' என்று தானே நாக்கைத் தட்டினான்.

"என்னப்பா, அடுத்த வருஷத்துக்கே எடம் கெடச்சிருச்சு," என்றார் வாத்தியார். "இன்னும் அந்த ஒத்தப் பின்னுக்கா சப்புக்கொட்டற?"

"பழக்கம்," என்றான். அவனுடைய பழக்கம் இல்லை என்பதை விளக்கவில்லை.

அடுத்த பருவத்துக்கான படிவத்தை நீட்டிய அலுவலகப் பெண், "அடுத்த வருஷமும் லெஃப்ட் நீங்க ஒருத்தர்தான் சார். ஜாலிதான்," என்றாள். கையெழுத்துப் போட்டான்.

காரில் உட்கார்ந்து நோட்டை விரித்து, நாலாவது ஆட்டம் என்ற வரியில் 'நகரவில்லை' என்று எழுதினான். நெட்டையைக் கூப்பிட்டான். மணி நாலேகால். பிள்ளைகளை ஏற்றும் நேரம் போலிருக்கிறது, எடுக்கவில்லை. அடித்து ஓயும் வரை காதில் வைத்திருந்தான். அப்புறம் தங்கச்சி கூப்பிட்டாள்.

"எத்தனாவதுண்ணே?"

"பதினாறு."

"அப்ப நல்லதுதானே?" அவள் குரலில் சந்தோஷமும் இருந்தது, வேறொன்றும் இருந்தது. "நல்லதுதானேண்ணே?"

"நல்லதுதான்மா. டைல்ஸ் நின்ன எடத்துலயே நிக்கட்டும்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லு."

பந்துப் பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தான். வண்டியைக் கிளப்பியதும், ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து, பெல்ட் போடச் சொல்லி அது விடாமல் கத்தத் தொடங்கியது. பைக்குக் குறுக்கே கையை நீட்டி, பெல்ட்டை இழுத்து மாட்டினான். சத்தம் நின்றது.