கல்யாணக் குளியலுக்கு வெந்நீர்

தொட்டியில் கையை விட்ட யம்னா, நம்ப முடியாமல் முழங்கை வரை விட்டுத் துழாவிப் பார்த்தாள். வெந்நீர் இல்லை. ஆறிப்போன தேநீர் மாதிரி ஒரு வெதுவெதுப்பு, அவ்வளவுதான். போயும் போயும் இன்றைக்குத்தானா இப்படி ஆக வேண்டும்! சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் பக்கத்து வீட்டு பத்தூலின் மகள் ஷாமாவுக்குக் கல்யாணக் குளியல். மெழுகுவத்தியும் குலவையுமாகப் பெண்கள் கூட்டம் வந்து இறங்கிவிடும்.

மொராக்கோவில், செஃப்ரூவின் பழைய நகரத்தில், அந்தச் சந்துக்கே பொதுவான ஹம்மாம் என்னும் குளியல்கூடத்தில் பெண்கள் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது யம்னா. வசந்தகாலம் வரைக்கும் அங்கே உலையில் விறகுதான் எரிந்தது. புகைபோக்கி கக்கிய கரி அக்கம்பக்கத்து மாடியெல்லாம் படியும். துவைத்துப் போட்ட துணியை எடுக்க வரும் பெண்கள் யம்னாவின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவார்கள். குழந்தைகளுக்கு இருமல் ஓய்ந்ததே இல்லை. கடைசியில் தெருச் சங்கத்தார் ஒன்றுகூடி, வெயிலில் நீர் காய்ச்சும் கறுப்புத் தகடுகளை ஹம்மாம் மாடியில் பதித்தார்கள். முகம் சுளித்த பெண்களிடம் வீடு வீடாகப் போய், "சூட்டுக்கு நானாச்சு" என்று வாக்குக் கொடுத்தவள் யம்னாதான். முதல் கல்யாணக் குளியலே சொதப்பினால் அப்புறம் எந்தக் கல்யாணப் பெண்ணும் இந்தப் பக்கம் எட்டிப்பார்க்க மாட்டாள். கல்யாணக் கூட்டம் வராவிட்டால் மறுபடியும் விறகுதான், மறுபடியும் புகைதான்.

இந்த நேரம் பார்த்து பத்தூலே வந்து நின்றாள். அவள் வாய் இருக்கிறதே, அப்பப்பா! கையை நனைத்தாளோ இல்லையோ, ஆரம்பித்துவிட்டாள்.

"என்ன யம்னா இது? எம்பொண்ணு கல்யாண மேடையில தும்மிக்கிட்டே உக்காரணுமா?"

"அஸருக்குள்ள சூடாயிரும் லல்லா" என்று யம்னா மரியாதை குறையாமல் சொன்னாள்.

"எப்படி ஆகும்? நீ மடியில வச்சு சூடாக்குவியா? நான் அப்பவே சொன்னேன், வெயிலாவது தண்ணி காய்ச்சறதாவதுன்னு. யாரு கேட்டீங்க?"

"நேத்து வரைக்கும் கை வைக்க முடியாம கொதிச்சுது, லல்லா."

"நேத்து எம்பொண்ணுக்குக் குளியல் இல்லையே! தண்ணி சுடலன்னா புதுநகர ஹம்மாமுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன், ஆமா." சொல்லிவிட்டு விருட்டென்று போய்விட்டாள்.

பழைய உலை இன்னும் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் அல்லால் என்பவர் தீப்பெட்டியும் கையுமாக வாசலில் நின்றார்.

"பத்த வச்சிரட்டுமா லல்லா? விறகு மிச்சம் கெடக்கு."

"முதல்ல மாடியில என்ன ஆச்சுன்னு ஒரு எட்டு பாத்துட்டு வாங்களேன்."

"நல்லா சொன்னீங்க போங்க! பட்டப்பகல்ல ஆம்பள மாடி ஏறினா சந்து முழுக்க செருப்பு பறக்கும்."

அவர் சொன்னதும் சரிதான். ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் அந்த மாடிகள் பெண்களின் ராஜ்யம். தகடு பதிக்க வந்தவர்கள்கூட வீட்டுக்கு வீடு சொல்லியனுப்பி, பெண்கள் எல்லாரும் கீழே இறங்கிய பிறகுதான் ஏறினார்கள். யம்னாவுக்கோ முழங்கால் வலி. மாடிப்படியைக் கண்டாலே அழுகை வரும்.

"நான் சொல்ற வரைக்கும் பத்த வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு படிக்குப் படி முனகியபடி ஏறினாள். மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஒரு தகடுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. எல்லாவற்றின் மேலும் அலசிப் பிரித்த ஆட்டு ரோமம் வெள்ளைவெளேரென்று பரப்பிக் கிடந்தது. கல்யாணம் என்றால் வீட்டு மெத்தைகளைப் பிரித்து, ரோமத்தை அலசிக் காயவைத்துத் திரும்ப அடைப்பது வழக்கம். சந்தில் இப்போது கல்யாண வீடு ஒன்றே ஒன்றுதான்.

"லல்லா பத்தூல்! கொஞ்சம் மேல வாங்க!"

பத்தூல் தன் வீட்டு மாடி வழியாகக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி வந்தாள். "என்ன, தண்ணி கொதிச்சிருச்சா?"

"எங்க கொதிக்க? உங்க மெத்தைதான் நல்லா வெயில் காயுது!"

யம்னா ரோமத்தை விலக்கிக் காட்ட, பத்தூல் ரோமத்தைப் பார்த்தாள், அடியில் இருந்த தகட்டைப் பார்த்தாள். "இதா அது? சூரியத் தகடுன்னா கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும்னுல்ல நெனச்சேன். ஏதோ கறுப்புப் பலகை, வெயில்ல நல்லா சுடும், சுருக்கா காயுமேன்னு விடியக்காலையில போட்டுட்டேன்."

யம்னா பழக்கதோஷத்தில் ஒரு பிடி ரோமத்தை எடுத்து ஊதிப் பார்த்தாள். கரித்துகள் பறக்கவில்லை. விரலால் பிரித்தும் பார்த்தாள். தும்பைப்பூ மாதிரி இருந்தது.

"ஏன் லல்லா, உங்க மூத்த பொண்ணு கல்யாணத்துக்கு ரோமத்த எங்க காயப்போட்டீங்க?"

"ஆத்தங்கரையில. கழுதை மேல ஏத்திட்டுப் போய். உன் புகையில இங்க எவ வெள்ளத்துணி போட்டா?" சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது பத்தூலுக்கே உறைத்தது. அவளே குபீரென்று சிரித்தாள். யம்னாவுக்குச் சிரிப்போடு அழுகையும் சேர்ந்தே வந்தது. இருவருமாக ரோமத்தை வாரி பத்தூலின் மாடியில் பரப்பினார்கள். ரோமம் நீங்கிய தகடுகளின் மேல் ஆகஸ்டு மாத வெயில் சுள்ளென்று விழுந்தது.

அஸர் பாங்கு கேட்டது. யம்னா பயந்து பயந்து தொட்டியில் கையை விட்டாள், விட்ட வேகத்தில் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. "தீப்பெட்டிய உள்ள வைங்க அல்லால்!" என்று சந்துக்கே கேட்கக் கத்தினாள்.

குலவை சத்தத்துக்கு நடுவே ஷாமாவை உட்காரவைத்து முதல் வாளியை ஊற்றப்போன பத்தூல், தண்ணீரைத் தொட்டுவிட்டு அலறினாள்:

"அடியே யம்னா, எம்பொண்ணு வெந்துருவாடி! கொஞ்சம் பச்சத்தண்ணி கொண்டா!"