மூன்றாம் கிடங்குக்குப் போகாத மெயில்

திங்கட்கிழமை காலையிலிருந்து முன்பின் தெரியாதவர்களெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். 'நீங்கள் அனுப்பிய மெயிலில் வைரஸ் இருக்கிறது', 'இந்த முகவரியில் அப்படி யாரும் இல்லை' என்று திரும்பி வந்த மெயில்கள் மலையாகக் குவிந்தன. நான் யாருக்கும் எதையும் அனுப்பவே இல்லை. போர்ச்சுகலில் இருக்கும் ஒரு பல் டாக்டருக்கு நான் எதற்கு மெயில் போடப்போகிறேன்?

எங்களுடையது விசாகப்பட்டினத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி. கப்பல் வந்து சரக்கை இறக்கிவிட்டுக் கிளம்பும்வரை அதற்கு வேண்டியதையெல்லாம் நாங்கள்தான் பார்ப்போம். முதலாளி சோமயாஜுலு, 'உங்கள் பணம் வந்துவிட்டது' என்று வந்த மெயிலின் இணைப்பை ஆசையாகத் திறந்துவிட்டார். பணம் வரவில்லை, வைரஸ் வந்தது. எங்கள் கம்ப்யூட்டர்களில் இருந்த முகவரிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு, எங்கள் பெயரைப் போட்டே உலகம் பூராவும் தன்னை அனுப்ப ஆரம்பித்தது. திறந்தது யார் என்று ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை, சம்பளம் அவர் கையிலல்லவா இருக்கிறது.

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சன்யாசிராவ் ஒரு வழி கண்டுபிடித்தான்.

"சார், திரும்பி வர்ற மெயில் எல்லாம் நேரா குப்பைக்குப் போற மாதிரி செட் பண்ணிடறேன். யார் கண்ணுலயும் படாது."

"அதை முதல்ல செய்யப்பா," என்றார் முதலாளி. "இன்னொண்ணு. நம்ம ஆபீஸ்ல வைரஸ்னு வெளியில மூச்சு விடக்கூடாது. மானம் போயிடும். எவனும் நம்மகிட்ட கப்பல் குடுக்கமாட்டான்."

அதன் பிறகு ஆபீஸ் அமைதியாகிவிட்டது. அனுப்பியது எதுவும் திரும்பி வரவில்லை என்றால் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்படித்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

புதன்கிழமை காலை சன்யாசிராவ் என் மேஜைக்கு வந்தான்.

"நீலவேணிகாரு, டிஸ்க் ரொம்பிடுச்சு. அந்தக் குப்பைய மொத்தமா அழிச்சுடுங்களேன்."

ஒரு தட்டுத் தட்டினால் போயிருக்கும். எனக்குத்தான் வேண்டாத ஆவல், என் பெயரில் இன்னும் யார் யாருக்கு மெயில் போயிருக்கிறது என்று பார்க்கலாமென்று கொஞ்சம் புரட்டினேன். எல்லாம் அதே 'ஹாய்', அதே 'உங்கள் ஆவணம்'. நடுவில் ஒன்று வேறு மாதிரி இருந்தது. 'டோரா பே, மூன்றாம் கிடங்கு, அவசரம்.' அனுப்பியவர் சோமயாஜுலு. வைரஸுக்கு எங்கள் கப்பலின் கிடங்கு எப்படித் தெரியும்? திறந்தேன்.

டோரா பே அடிக்கிடங்குகளில் மஞ்சள் பட்டாணி ஏற்றி வந்த கப்பல். முந்தின நாள்தான் துறைமுகத்துக்குள் வந்திருந்தது. வழியில் பட்டாணியில் பூச்சி பிடிக்காமலிருக்க விஷ மாத்திரை வைப்பார்கள், அதிலிருந்து வாயு கிளம்பும். மாத்திரை வைத்த கம்பெனி எழுதியிருந்தது: மூன்றாம் கிடங்கில் மட்டும் இரண்டாவது முறையும் வைக்கப்பட்டிருக்கிறது. அடியில் வாயு தங்கியிருக்கும். சோதிக்காமல் யாரும் இறங்கக்கூடாது. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால்கூட, அவரைத் தூக்குவதற்கென்று முகமூடி இல்லாமல் இன்னொருவர் இறங்கக்கூடாது.

முதலாளி அதை நேற்றே கப்பலுக்கும் சரக்கு இறக்கும் கம்பெனிக்கும் அனுப்பியிருந்தார். இரண்டும் அப்போதே திரும்பிவிட்டன. 'இந்த முகவரியிலிருந்து வைரஸ் வருகிறது, ஏற்கமாட்டோம்.' திரும்பியவை நேராகக் குப்பைக்குப் போயிருந்தன.

என் தம்பி பைடிராஜுவுக்கு வேலையே கப்பலில் வந்த தானியத்தில் மாதிரி எடுப்பது. சரக்கு இறக்குபவர்களுக்கு முன்னால் அவன்தான் கிடங்கில் இறங்குவான். இன்றைக்கு அவன் போயிருப்பது டோரா பே கப்பலுக்கு.

முதலாளியின் அறைக்குள் ஓடினேன்.

"சார், நீங்க போட்ட மெயில் போகல. திரும்பி வந்துடுச்சு. ரேடியோவுல கப்பலைக் கூப்பிடுங்க, உடனே!"

அவர் சுவரிலிருந்த ரேடியோவைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"ரேடியோல பேசினா துறைமுகமே கேக்கும்மா. ஏன் மெயில்ல சொல்லலன்னு கேப்பான். வைரஸ்னு சொல்லச் சொல்றியா?"

"சொல்லுங்க சார்! என் தம்பி உள்ள இறங்கப்போறான்!"

"பதறாதம்மா. இரு, இன்னொரு தடவ அனுப்பிடறேன்." மனுஷன் ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்துவிட்டார்.

இப்படிப்பட்ட ஆளிடம் நின்று பேசிக்கொண்டிருப்பதா? பற்றிக்கொண்டு வந்தது. சன்யாசிராவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். "வண்டிய எடுடா!"

வழியெல்லாம் தம்பியின் செல்லுக்கு அடித்தேன். அணைத்து வைத்திருந்தான், கப்பல் மேல் செல்போன் கூடாது. துறைமுகக் கேட்டில் காவலர் பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நேத்துகூடப் பாத்த மூஞ்சிதானேய்யா இது!" என்று கத்தினேன். விட்டுவிட்டார்.

கப்பலின் ஆடும் ஏணியில் எப்படி ஏறினேன் என்று இன்றைக்கும் தெரியாது. மூன்றாம் கிடங்கின் ஓரத்தில், ஆள் இறங்கும் துளையைச் சுற்றிச் சரக்கு இறக்குபவர்கள் குனிந்து நின்றிருந்தார்கள். அழுகிய மீனும் பூண்டும் கலந்த மாதிரி ஒரு வாடை.

"ரேடியோல எதுவும் சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லலியேம்மா," என்றார் மேஸ்திரி அப்பலநாயுடு. "உங்க தம்பி இப்பத்தான் இறங்கினான். தலை சுத்துதுன்னு கத்தறான். நான் போய்த் தூக்கிட்டு வந்துடறேன்." சொல்லிக்கொண்டே காலை உள்ளே விட்டுவிட்டார்.

அவர் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு பின்னால் இழுத்தேன்.

"யாரும் இறங்காதீங்க! ஒருத்தரும் போகக்கூடாது!"

"என்னம்மா பேசறீங்க? உள்ள இருக்கறது உங்க தம்பி!"

"உள்ள விஷவாயு. போறவனும் சாவான். இறங்காதீங்க!"

துளையை மறித்து உட்கார்ந்துவிட்டேன். ஒருவர் என்னை நகர்த்தப் பார்த்தார், சன்யாசிராவ் அவரைத் தள்ளிவிட்டான். முகமூடி கொண்டுவரக் கப்பல்காரர்கள் ஓடினார்கள். கீழே ஒரே இருட்டு. எட்டிப் பார்த்தபோது ஏணியில் அவன் கை மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. அந்தக் கை நகரவில்லை.

"டேய் பைடிராஜு! ஏறுடா!"

"முடியலக்கா..."

"முடியலியா? ராத்திரி மூணு தட்டு பிரியாணி முழுங்கத் தெரிஞ்சுதில்ல? ஏறுடா சோம்பேறி! கைய மேல வை! வெச்சியா? இப்ப கால எடு!"

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவன் பெண்டாட்டியைச் சொன்னேன், செத்துப்போன அப்பாவைச் சொன்னேன். கை ஒரு படி மேலே வந்தது. நின்றது. மறுபடியும் திட்டினேன். மறுபடியும் வந்தது. தலைமுடி எட்டும் தூரத்துக்கு வந்ததும் அப்பலநாயுடு குப்புறப் படுத்துக்கொண்டு சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிவிட்டார். கப்பல் தளத்தில் விழுந்து வாந்தி எடுத்தான். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு முதலாளி ஆப்பிளோடு வந்தார்.

"நீ போன உடனே இன்னொரு தடவ அனுப்பினேன்மா. இந்தத் தடவ திரும்பி வரல," என்றார்.

இந்த ஆளிடம் என்னத்தைச் சொல்வது? திரும்பி வருவதெல்லாம் குப்பைக்குத்தானே போய்க்கொண்டிருந்தது. ஆப்பிள் பையை வாங்கி அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தேன். போய்விட்டார்.

மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். பிழைத்துவிட்டான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தலையைத் தடவிக்கொடுத்தேன். வழக்கமாக அக்காவைக் கேலி செய்யாமல் அவனுக்கு ஒரு நாள் போகாது. அன்றைக்குக் கேள்விதான் கேட்டான்.

"அக்கா, அப்பலநாயுடு இறங்க வந்தாரு இல்ல?"

"ஆமாடா."

"நீதானே இறங்காதீங்கன்னு சொன்னே? உள்ள கேட்டுச்சு."

இறங்கியிருந்தால் அவர்களும் செத்திருப்பார்கள் என்று சொன்னேன். மெயிலில் எழுதியிருந்ததை வரிக்கு வரி சொன்னேன். "தெரியும்கா, நீ செஞ்சது சரிதான்," என்றான். ஆனால் முகத்தை மட்டும் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். மூன்று நாளாக எங்கள் ஆபீஸ் சொன்னது எதுவும் யாரிடமும் போய்ச் சேரவில்லை. இறங்காதீங்க என்று நான் சொன்னது மட்டும் அவனிடம் போய்ச் சேர்ந்திருந்தது.