லேப்ரடாரா, ராஜபாளையமா

ஆறு வருஷமாக நாய் வேண்டும் என்று கேட்டவள் மங்கலம். வேண்டாம் என்று சொல்லிவந்தவர் அவள் கணவர் ராஜவேல். அதனால், ஒரு நாள் காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே அவர், "ஒரு நாய் வாங்கிடலாம். ராஜபாளையம்" என்றபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

"நான் கேட்டது லேப்ரடார்தான?"

"அது வர்றவன் போறவன் எல்லாருக்கும் வாலாட்டும். அத வளத்து என்னா பண்றது?" என்று கை கழுவ எழுந்துவிட்டார்.

திருப்பாதிரிப்புலியூரில் இருந்த அவர்கள் வீட்டின் முன்னறைதான் மங்கலத்தின் தையல் கடை. பதினோரு வருஷமாக ஜாக்கெட் தைக்கிறாள். ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது பெண்கள் வந்து போவார்கள். ராஜவேலுக்கு நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் கரும்பு லோடு எடை போடும் வேலை. லீவு நாளில் லுங்கியோடு முன்னறையில் உட்கார முடியாமல், "இது வீடா, பஸ் ஸ்டாண்டா?" என்று அலுத்துக்கொள்வார். இப்போது ராஜபாளையம் என்கிறார். கேட்டைத் தொட்டாலே பாய்கிற நாய் இருந்தால் அளவு ஜாக்கெட்டோடு யார் வருவார்கள்? வாய்விட்டுச் சொல்லாமல் கடையை மூடப் பார்க்கிறாரா?

மகள் கயல்விழி சிதம்பரத்தில் பி.எஸ்சி. இரண்டாம் வருஷம். தினமும் ரயிலில் போய் வருகிறாள். லேப்ரடார் குட்டி படத்தைப் போனில் வைத்திருந்தவள், அவளும் "ராஜபாளையமே வாங்கலாம்மா" என்றாள். அப்பாவும் மகளும் பின்கட்டில் மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். மங்கலம் போனதும் பேச்சு நின்றுவிடும். ஒரு நாள் ராஜவேலின் ஸ்கூட்டர் பெட்டியில் 'நாய் ஜாக்கிரதை' என்ற போர்டு, கவர்கூடப் பிரிக்காமல் கிடந்தது. நாயே வரவில்லை, அதற்குள் போர்டு வந்துவிட்டது. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ் பிடித்துச் சிதம்பரம் போனார்கள். ஞானசேகரன் என்பவர் வீட்டில் இரண்டு வகைக் குட்டிகளும் இருந்தன. லேப்ரடார் குட்டிகள் ஓடிவந்து மங்கலத்தின் புடவைத் தலைப்பைக் கடித்து இழுத்தன. அவள் உட்கார்ந்து ஒன்றை மடியில் எடுத்துக்கொண்டாள். ராஜபாளையம் குட்டிகள் வெள்ளை வெளேரென்று, சற்றுத் தள்ளி நின்று பார்த்தன.

"ரெண்டும் நல்ல நாய்தாம்மா" என்றார் ஞானசேகரன். "ராஜபாளையம் வீட்டு ஆளுங்கமேல உயிரா இருக்கும், வெளியாள சேக்காது. ஓடுறதுக்கு எடம் வேணும். லேப்ரடாருக்கு கூட ஆள் இருந்துகிட்டே இருக்கணும். தீனி ஜாஸ்தியானா குண்டாயிடும். உங்க வீட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தன பேர் வந்து போவாங்க?"

மங்கலம் வாய் திறப்பதற்குள் ராஜவேல் சொன்னார்: "யாரும் வர மாட்டாங்க."

மங்கலம் மடியில் இருந்த குட்டியைக் கீழே விட்டாள். ஞானசேகரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "டீ போடச் சொல்றேன்" என்று உள்ளே போய்விட்டார்.

"யாரும் வர மாட்டாங்களா? கடைய மூடுன்னு நேரா சொல்லியிருக்கலாம்ல? எதுக்கு நாய வச்சி சொல்றீங்க?"

"அப்படி இல்ல மங்கலம்."

"போர்டுகூட வாங்கி வச்சிட்டீங்க. பாத்தேன்."

ராஜவேல் மகளைப் பார்த்தார். கயல்விழிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்பாவ திட்டாதம்மா. நான்தான் சொல்லாதீங்கன்னு சொன்னேன். சத்யப்பிரியா அக்கா வருவாங்கல்ல, அவுங்க தம்பி... நீ உள்ள அளவு எடுக்கறப்ப கேட்டுகிட்ட நின்னு என்னை போட்டோ எடுக்கறான்னு நெனைக்கிறேன். துணி காயப்போடறது, தலை துவட்டறது, எல்லாம். ஏதோ ஒரு நம்பர்லேர்ந்து எனக்கே அனுப்புறான். மூணு வாரமா."

"போய் கேட்டேன்" என்றார் ராஜவேல். "கேம் ஆடிகிட்டிருந்தேன் மாமாங்கறான். அந்த நம்பர் அவனோடதான்னு எப்படி சொல்றது? அதான் கேட்டுகிட்ட எவனையும் நிக்க விடாத நாயா பாத்தேன்."

மங்கலம் மகள் பக்கம் திரும்பினாள். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா காலேஜுக்குப் போவாதன்னு நிறுத்திடுவ."

மாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் போன வருஷம், ரயிலில் கயல்விழி ஒரு பையனோடு பேசினாள் என்று யாரோ சொன்னதற்கே நான்கு நாள் அவளை வீட்டில் உட்கார வைத்தவள் அவள்தான்.

ராஜவேலிடம், "ராஜபாளையம் வந்தா பொம்பளைங்க எல்லாம் ஓடிப்போவாங்க. அவன் கேட்டுக்கு வெளிய நின்னு எடுப்பான்" என்றாள். அன்று குட்டி வாங்காமலே திரும்பினார்கள்.

செவ்வாய்க்கிழமை சத்யப்பிரியா வரும் நாள் என்று கயல்விழி காலேஜுக்குப் போகவில்லை. சாயங்காலம், தைக்கக் கொடுத்திருந்த ஜாக்கெட்டை வாங்க அவள் வந்தாள். தம்பி வழக்கம்போல வெளியே பைக்கில் உட்கார்ந்திருந்தான். மங்கலம் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, "கொஞ்சம் வெளிய வாம்மா" என்று அவளையும் கூட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனாள். கயல்விழி பின்னாலேயே வந்து, பயத்தில் அதுவரை தானும் கூப்பிடாத, அப்பாவையும் கூப்பிட விடாத அந்த நம்பரை அழுத்தினாள்.

அவன் சட்டைப் பையில் போன் அடித்தது.

அவன் எடுக்கவில்லை. சத்யப்பிரியாதான் பையில் கைவிட்டு எடுத்தாள். கயல்விழியின் பெயர் அதில் தெரிந்தது. "என்னாடா இது?" என்றாள். அவன் பைக் சாவியைத் திருகினான். மங்கலம் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பிய மன்னிச்சி விட்டுடுங்கக்கா" என்று சத்யப்பிரியா அழுதாள்.

"என்னைக் கேக்காத. அவளக் கேளு."

"கம்ப்ளைன்ட் குடுக்கணும்" என்றாள் கயல்விழி.

ராஜவேல் ஆலையிலிருந்து நேராக மகளிர் காவல் நிலையத்துக்கு வந்தார். கயல்விழி தன் கையாலேயே புகார் எழுதினாள். போலீஸ் அவன் போனை வாங்கி வைத்துக்கொண்டது. அதன்பின் சத்யப்பிரியா வரவில்லை. அவள் தெருவிலிருந்து வந்துகொண்டிருந்த இரண்டு பேரும் வரவில்லை. அந்த வருத்தம் மங்கலத்துக்குப் பல நாள் இருந்தது. ஆனால் கயல்விழியின் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்க அவளே ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனாள்.

அடுத்த ஞாயிறு மறுபடி சிதம்பரம். ராஜவேல், "லேப்ரடாரே எடுத்துக்கலாம்" என்றார்.

"ஏன்?" என்று சட்டென்று கேட்டாள் மங்கலம்.

"ஏன்னா? தெனம் இருபது பேர் வர்ற வீட்டுக்கு அதான் சரி. இவர்தான் சொன்னாரே."

"நான் எங்க சொன்னேன்? நீங்க யாரும் வர மாட்டாங்கன்னீங்க" என்று ஞானசேகரன் சிரித்தார்.

வாடகைக் காரில் திரும்பும்போது, ஆலப்பாக்கம் தாண்டியதும் குட்டி கயல்விழியின் துப்பட்டாவில் வாந்தி எடுத்தது. முன்சீட்டிலிருந்து ராஜவேல் துண்டை நீட்டினார். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு துடைத்தாள்.

மங்கலம் கணவர் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்: "வேற எதாச்சும் என்கிட்ட சொல்லாம வச்சிருக்கீங்களா?"

"இல்ல மங்கலம்."

"நீ?" என்று மகளைக் கேட்டாள்.

"இல்லம்மா. மொதல்ல தண்ணி பாட்டிலக் குடு."

மங்கலம் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். முக்கால்வாசி நம்பினாள்.