தெல்மா நிறுத்தும் இடம்

1

இந்தக் கதையை எனக்குத் தந்தது மழை. புளியந்தீவில் அதற்கு ஒதுங்கி ஒரு தேவாலயத்துக்குள் நுழைந்தேன். முன்னால் நின்று செபமாலை சொல்லிக்கொண்டிருந்த, போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கிப் பெண் ஓரிடத்தில் சட்டென்று நிறுத்தினாள். சனங்கள் தடுமாறி, பிறகு தொடர்ந்தார்கள். நான் கண்டது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

வாவியின் மேல் அந்திச் சூரியன் மெல்ல... (வேண்டாம். மழை என்று சொல்லியாயிற்று.)

அவளுக்குத் தெல்மா என்று பெயர் வைத்தேன். கணவன் பேசில். ஒரே மகள் அன்ட்றியாவைப் போன மாரியில் டெங்குக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. அன்றிலிருந்து, செபமாலையில் வரும் கடவுளின் விருப்பப்படியே ஆகட்டும் என்னும் வரியைத் தெல்மா சொல்வதில்லை.*

(* முன்னிற்பவர் சொல்லும் பாதி அந்த வரியோடு முடியும், மறுபாதி சனங்களுடையது. அவள் நிறுத்தினால் எங்கே தொடங்குவதென்று அவர்களுக்குத் தெரியாது. நான் பிள்ளையார் கோயில்காரன், இதைக் கேட்டுத்தான் அறிந்தேன்.)

3

அந்தத் தேவாலயத்துப் பாதரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. நல்ல மனிதர்.

"முழுசாச் சொல்லேலாட்டி, ஞாயிற்றுக்கிழமையில இருந்து உங்களுக்குப் பதிலா ஜிலியன் முன்னால நிண்டு சொல்லட்டும், தெல்மா."

"அன்ட்றியா என்ட பக்கத்தில நிண்டு சொன்ன இடம் அது, பாதர். விடமாட்டன்."

"அப்ப அந்த வரியையும் சொல்லுங்க."

"மனசில இல்லாததக் கடவுளுக்கிட்டச் சொன்னாப் பொய்தானே? அவரோட சண்டை பிடிச்ச ஆக்கள் எத்தின பேரெண்டு உங்கட வேதாகம வகுப்பிலதான் படிச்சன். அவங்கள அவர் எழும்பிப் போகச் சொல்லல்லயே."

எனக்கு அவள்மேல் கோபமே வந்தது. சடங்கு, படிப்பு, மனசு, மூன்றில் ஒன்றை விட்டால் கதை சுலபமாக முடியும். இவள் எதையும் விடுகிறாளில்லை.

4

முடிவு ஒன்று: அழுதபடியே அந்த வரியைச் சொல்லிவி... (அடித்துவிட்டேன். அவள் அழுவது வீட்டில்.)

முடிவு இரண்டு: "வீட்டயே இருந்து கும்பிடுவம், தெல்மா" என்கிறான் பேசில்.

"நீங்க இருங்க. நான் போயிட்டு வாறன்."

(இதுவும் முடிவாகவில்லை. அவள் படியிறங்கிவிட்டாள்.)

5

ஞாயிற்றுக்கிழமை. தெல்மா முன்னால் போய் நிற்கிறாள். ஜிலியன் இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. செபம் அந்த வரிக்கு வருகிறது. தெல்மா நிறுத்துகிறாள். சனங்கள் காத்திருக்கிறார்கள்.

அவள் வாயில் அந்த வரியை வைக்க எனக்கு உரிமை இல்லை. அந்தச் செபமும் எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமென்றால் எழும்பி முன்னால் போங்கள். அவளுக்குப் பக்கத்தில் ஓர் இடம் வெறுமையாக இருக்கிறது. அங்கே நின்று அந்த ஒரு வரியை மட்டும் சொல்லுங்கள். மற்ற வரிகளை அவள் சொல்லுவாள்.