பாஞ்சாலையின் கப்பல் பயணத்துக்கு நான் செய்த ஏற்பாடுகள்

மரக்காணத்திலிருந்து சிங்கப்பூருக்கு ஒருவரை அனுப்புவது எவ்வளவு பெரிய வேலை என்று என்னைக் கேளுங்கள். எழுபத்து நான்காம் வருஷம் என் மனைவி பாஞ்சாலையை அனுப்பி வைத்தவன் நான். 'அனுப்பி வைத்தவன்' என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு அப்போது ஏகப்பட்ட பெருமை.

எங்கள் மகள் வசந்தாவுக்கு அங்கே தலைப்பிரசவம். மாப்பிள்ளைக்குத் தாய் இல்லை. பிரசவத்துக்கு முன்னால் போய்ச் சேருகிற கப்பல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை விட்டால் அடுத்த கப்பல் போவதற்குள் குழந்தை பிறந்துவிடும். பெண் தனியாகக் கிடந்து தவிப்பாள்.

நான் தையல்காரன். தட்சணாமூர்த்தி என்று பெயர். அளவெடுக்காமல் கத்தரிக்கோலைத் தொடமாட்டேன். அதே கறாரோடுதான் இதிலும் இறங்கினேன். சிங்கப்பூரில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்த காசிலிங்கத்தைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன்.

"ரோட்டுல எச்சி துப்புனா ஃபைன் போட்டுடுவான் அண்ணே. அண்ணிய வெத்தலைய வுடச் சொல்லுங்க. வெறுங்கால்ல நடக்கக் கூடாது, ரோடு சுட்டுடும். வீடு பத்தாவது மாடியில இருக்குது, லிஃப்ட்ல போவணும். மழை எப்ப வரும்னே சொல்ல முடியாது, குடை கட்டாயம்" என்றான்.

பாஞ்சாலை அன்றைக்கே வெற்றிலைப் பையைப் பக்கத்து வீட்டு அருக்காணியிடம் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு பாக்குத் துண்டைக்கூட வாயில் போடவில்லை. பீடியை விடப்போகிறேன் என்று நான் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் மனுஷியா, வேறு ஏதாவதா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

செருப்புதான் பெரும்பாடு. பாஞ்சாலை உப்பளத்தில் வேலை செய்கிறவள். உப்புப் பாத்திக்குள் செருப்போடு இறங்கினால் தரை கீறிப்போகும், உப்பில் மண் கலந்துவிடும். அதனால் சின்ன வயதிலிருந்து வெறுங்காலைத் தட்டையாக வைத்து நடந்தே பழகியவள். புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு உப்பள வரப்பில் அவள் தடுமாறி நடந்ததைப் பார்த்துக் கூட வேலை செய்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே நடந்தாள். வாரம் திரும்புவதற்குள் செருப்போடு ஓடவே செய்தாள்.

நான் ரெக்சின் பை தைத்தேன். அதில் சிவப்பு நூலால் பேர் போட்டேன். பாஸ்போர்ட் வைக்கப் பாவாடையில் உள்பை வைத்தேன். அம்மைத் தடுப்பூசி, காலரா ஊசி இரண்டுக்கும் கூட்டிப் போனேன். ஊசிக் காய்ச்சலோடும் அவள் வேலைக்குப் போனாள்.

"ரெஸ்ட் எடேன்" என்றேன்.

"நல்ல வெயில் அடிக்கிது. நான் படுத்துக்கினா உப்பை யாரு வார்றது?"

கிளம்புவதற்கு முந்தின நாள் வரைக்கும் உப்பு வாரினாள். பையின் வாரைச் சரிபார்ப்பதிலேயே என் புத்தி இருந்தது.

உப்பு லாரியில்தான் மெட்ராஸ் போனோம். வழியனுப்ப உப்பள ஆட்களும் ஏழெட்டுப் பேர் ஏறிக்கொண்டார்கள். துறைமுகத்தில் கயிறு கட்டி, பயணிகளை மட்டும் உள்ளே விட்டார்கள். அங்கே உட்கார்ந்திருந்த டாக்டர், ஊசி போட்ட சர்டிபிகேட்டைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு அவள் கையைப் பார்த்தார். அப்படியே நிறுத்திவிட்டார்.

"இது என்னம்மா?"

விரல் இடுக்கெல்லாம் புண். உள்ளங்கை வெடித்து, ஓரம் வெளுத்துத் தோல் உரிந்திருந்தது. பாதமும் அப்படித்தான்.

"உப்புங்க. உப்பளத்துல வேலை" என்றாள் பாஞ்சாலை.

"பார்த்தா தொத்து வியாதி மாதிரி இருக்கு. கப்பல்ல ஏத்த முடியாதும்மா. ஆறின பிறகு அடுத்த கப்பல்ல போங்க."

கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற என் காதிலும் அது விழுந்தது. குடையை யோசித்தேன், லிஃப்டை யோசித்தேன், இந்தக் கையை யோசிக்கவில்லை. தினம் பார்த்துப் பார்த்து, கை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

"சார், எங்க கையும் அப்படித்தான் சார்!" என்று உப்பள ஆட்கள் மொத்தமாகக் கையைத் தூக்கிக் காட்டினார்கள். டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"என்னய்யா, ஊருக்கே பரவியிருக்கா?"

உபகாரம் பண்ண வந்த அத்தனை பேரையும் கடலில் தள்ளிவிடலாமா என்றிருந்தது எனக்கு. பாஞ்சாலை பதறவில்லை. அழவும் இல்லை.

"சார், அங்க பச்சைச் சட்டை போட்டுக்கினு நிக்கிறாரே, அவரு என் வீட்டுக்காரரு. கொஞ்சம் உள்ள வுடுங்க" என்றாள்.

டாக்டர் கையசைத்துக் கூப்பிட்டார். போய் நின்றேன்.

"ஏங்க, கையக் காட்டுங்க."

என் கையைப் பற்றி ஊரில் ஒரு கேலி உண்டு. பொம்பளைக் கை என்பார்கள். நாலு பேர் நடுவில் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதே என் வழக்கம். தயங்கித் தயங்கி நீட்டினேன்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரே பாய்லதான் படுக்கிறோம். இந்தக் கையாலதான் இவருக்குச் சோறு போடறேன். தொத்துற நோவுன்னா முதல்ல இவருக்குத்தான சார் தொத்தணும்? புதுசுல ஒரே ஒரு நாள் அளத்துல இறங்குனாரு. ஊசி குத்துன விரல்ல உப்புத்தண்ணி பட்டுத் துடிச்சிட்டாரு. அதோட நான் இறங்க வுடல. அவரு கையையும் பாருங்க, என் கையையும் பாருங்க."

டாக்டர் இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்துக் குத்தினார். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு களிம்பு டப்பாவையும் எடுத்துக் கொடுத்து, "தினமும் தடவிக்கோம்மா" என்றார்.

இத்தனை வருஷமாக நான் ஒளித்து வைத்த கை, அவள் காப்பாற்றி வைத்திருந்த கை. இப்படி ஒருத்தி எனக்கு வாய்த்திருக்கிறாளே என்று அங்கேயே அவள் காலில் விழத் தோன்றியது. விழவில்லை. டப்பாவைத் திறந்து, அவள் வலது கையைப் பிடித்துக் களிம்பைத் தடவ ஆரம்பித்தேன்.

"எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நல்லாத் தேய்ங்க. பச்சக் கொழந்தையத் தூக்கணும்" என்றாள்.

பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். இன்னும் ஒரு கை பாக்கி இருக்கிறது என்றேன்.