நல்லமுத்து ஐயாவின் இருமல்

ஜி. மங்களம் பாடிய ‘பதில் சொல்லு மாமா’ பாட்டின் கடைசியில் ஓர் இருமல் வரும். அந்த இருமல் தன்னுடையது என்று நல்லமுத்து ஐயா சொல்லாத நாள் கிடையாது. மலாக்கா பக்கம் குருபோங்கில் அவர் வீட்டுப் பின்னறைக்கு நான் வாடகைக்கு வந்த அன்று, சாவியைக் கையில் கொடுக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

“தம்பி கெடாவா? அங்கல்லாம் மங்களம் பாட்டு போடுவாங்களா?”

“கல்யாண வீட்ல போடுவாங்க ஐயா. சின்னப்புள்ளயில கேட்டிருக்கேன்.”

“அதுல இருமுறது யாரு?”

“பாட்டுல வர்ற மாமா.”

“நான் லா அது!” என்று நெஞ்சில் தட்டிக்கொண்டார். தட்டிய வேகத்தில் உண்மையிலேயே இருமல் வந்துவிட்டது.

மங்களத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐம்பதுகளில் சிங்கப்பூரில் பாடி இசைத்தட்டு போட்டவர். சினிமாப் பாட்டு இல்லை. தமிழ் வார்த்தைகளுக்கு ரும்பா, சா-சா-சா என்று ஆட்டத் தாளம் போட்டுப் பாடுவார். ‘பதில் சொல்லு மாமா’வில் ஒரு பெண் தன் மாமனை விடாமல் கேள்வி கேட்பாள். கட்டிக்குவியா, கூட்டிப் போவியா, எந்த மாசம், எந்தக் கோயில். கடைசியில் “பதில் சொல்லு மாமா” என்பாள். பாங்கோ, கித்தார், ஆர்மோனியம் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். அந்த அமைதியில் “க்ஹும்” என்று ஒரு சின்ன இருமல். உடனே ரும்பா மறுபடி கிளம்பும். கூச்சப்பட்ட மாமன் வேறு என்ன பதில் சொல்வான்? இப்படி ஒரு பாட்டா என்று எஸ்டேட்டு எஸ்டேட்டாக ஜனம் மயங்கிப்போனது. கல்யாணங்களில் அந்த இடம் வந்தால் மாப்பிள்ளைத் தோழர்கள் ஒன்றுசேர்ந்து இருமுவார்கள்.

ஆனால் அந்த இருமலைப் பாட்டு போட்டவர் எழுதவில்லை. மங்களத்தின் குழு ஐம்பத்தேழில் ஐயா இருந்த தோட்டத்துத் திருவிழாவில் பாட வந்தது. இளவட்டங்கள் கைதட்டிய தாளம் குழுவின் மாஸ்டருக்குப் பிடித்துவிட்டது. பாட்டுப் பதிவில் கைதட்ட ஆள் வேண்டும் என்று ஒரு லாரி நிறையச் சிங்கப்பூருக்கு ஏற்றிக்கொண்டு போனார். அந்த லாரியில் நல்லமுத்து ஐயாவும் இருந்தார், பிற்பாடு அவர் மனைவியான தேவமலர் அம்மாவும் இருந்தார். அதே தோட்டத்துச் சாமிக்கண்ணு மட்டும் இல்லை. தலை வாரிக்கொண்டு வருகிறேன் என்று லயத்து வீட்டுக்குப் போனார், லாரி போய்விட்டது. அன்றிலிருந்து அவர் சொல்வது ஒன்றுதான்.

“அது ஆர்மோனியக்காரன் இருமல். நல்லமுத்துக்கு அம்புட்டு அழகா இரும வராது.”

இரண்டு பேரும் இப்போதும் சிநேகிதர்கள்தான். புக்கிட் பெருவாங்கிலிருந்து சாமிக்கண்ணு பஸ் பிடித்து வருவது இதைச் சொல்லிவிட்டுப் போவதற்காகத்தான்.

ஐயாவிடமிருந்த இசைத்தட்டு எப்போதோ உடைந்துவிட்டது. ஊரில் யாரிடமும் இல்லை. இந்த நிலைமையில்தான் தொண்ணூற்றாறில் கோலாலம்பூர்க் கம்பெனி ஒன்று மங்களத்தின் பழைய பாட்டுகளைத் தேடியெடுத்து சிடியாகப் போட்டது. எங்கள் தாமான் குடியிருப்புத் தமிழ்ச் சங்கச் செயலாளர் யுகேந்திரன் சும்மா இருப்பாரா? பாலாய் ராயா மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை அறிமுக விழா, அந்தப் பாட்டில் பங்கு பெற்ற நம் வட்டாரத்துக்காரருக்குப் பொன்னாடை என்று அறிவித்துவிட்டார்.

“ஆனா ஐயா, அந்த எடத்த சபையில போட்டுக் காட்டிட்டுத்தான் போத்துவோம். கமிட்டில கேள்வி கேக்குறாங்க. சாமிக்கண்ணு ஐயா வேற போன் பண்ணிட்டாரு.”

“போட்டுக் காட்டு! நல்லா சத்தமா வச்சுப் போட்டுக் காட்டு!”

இந்தப் பக்கம் பொன்னாடை வாங்காத ஆள் குறைவு. பந்தல் போட்டவர், மைக் கொடுத்தவர், மந்திரிக்குக் கதவு திறந்துவிட்டவர் எல்லாரும் வாங்கிவிட்டார்கள். ஐயா கீழே உட்கார்ந்து கைதட்டுவார்.

“அத்தன வருசம் பால்மரம் சீவினேன் தம்பி. ஒரு துண்டு போட்டு அனுப்பல. இருமினதுக்காவது போடட்டுமே.”

சமையலறையிலிருந்து தேவமலர் அம்மா குரல் கொடுத்தார். “இருமினதுக்குப் பொன்னாடையா? அப்ப தும்மியிருந்தா டத்தோ பட்டம் குடுத்திருப்பாங்களா?”

“பொறாம!” என்றார் ஐயா என்னிடம்.

மலாக்கா டவுனுக்குப் போய் சிடியை நான்தான் வாங்கி வந்தேன். ஓவர்டைம் காசில் வாங்கிய என் மினி காம்போ பாட்டுப் பெட்டியை முன்கூடத்துக்குத் தூக்கி வந்து வைத்தேன். முதல் பாட்டே ‘பதில் சொல்லு மாமா’தான். மூன்று பேரும் கேட்டோம். சின்ன வயதில் நான் கேட்ட மங்களம் எண்ணெய்ச் சட்டிக்குள் உட்கார்ந்து பாடுவார், அப்படி ஒரு பொரியல் சத்தம். இப்போது அது இல்லை. வரிக்கு முன்னால் அவர் மூச்சு இழுப்பது கேட்டது. பாங்கோ அடிப்பவரின் விரல் தோலில் உரசுவது கேட்டது. ரொம்ப இனிமையான குரல் என்று சொல்ல முடியாது. லேசாகக் கரகரக்கும். ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் தாளத்துக்கு ஒரு நூல் பிந்தித்தான் விடுவார். ‘வரேன் போ, என்ன அவசரம்’ என்பதுபோல. ‘மாமா’ என்னும்போது உதட்டோரம் சிரிப்பு இருப்பது காதுக்கே தெரிந்தது. சொந்த ஊரை விட்டு வந்து ஷிப்ட்டும் தூக்கமுமாக இருந்த எனக்கு, யாரோ என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது.

“இந்தா வருது,” என்று ஐயா நாற்காலி நுனிக்கு வந்தார்.

“பதில் சொல்லு மாமா.”

எல்லாம் நின்றது. அமைதி. ரும்பா கிளம்பியது.

“என்னா தம்பி? தாண்டிப் போயிடுச்சா?”

மறுபடி போட்டேன். சத்தத்தைக் கூட்டிப் போட்டேன். துடைத்து வைத்த தட்டு மாதிரி அமைதி. தேவமலர் அம்மா மட்டும் எழுந்து உள்ளே போனார்.

சிடி அட்டையில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். எடுத்தவன் சின்னப் பையன் குரலில் பெருமையாகச் சொன்னான். “ஓ, அந்த இருமலா? நாய்ஸ் லா அண்ணே. கம்ப்யூட்டர்ல கிளீன் பண்ணிட்டோம்.”

ஐயா ரிசீவரைப் பிடுங்கினார். “எத நாய்ஸ்ங்கிற? என்னையவா?”

“அங்கிள், யாரு பேசுறது?”

“இருமுனவன் பேசுறேன்! எடுத்தேல்ல, எங்க வச்சிருக்க? ஒழுங்கா திருப்பி அனுப்பு!”

போன் துண்டிக்கப்பட்டது. சிடியில் இல்லாத ஒன்றுக்கு எப்படிப் பொன்னாடை போடுவது என்று யுகேந்திரன் தலையைச் சொறிந்தார். கடைசியில் ஐயாவே ஒரு வழி சொன்னார். “பாட்டப் போடு. அந்த எடத்துல நான் நேர்ல இருமுறேன். எஸ்டேட்டு ஆளுங்க காது அடையாளம் கண்டுக்கும்.”

ஞாயிறு வரை வீட்டில் பயிற்சி. ஐயா கண்ணாடி முன்னால் நின்று இருமுவார். அடுத்த வீட்டு அகல்யா பயந்துபோய் இஞ்சிக் கஷாயம் கொண்டுவந்து கொடுத்தார்.

“அப்படி இல்ல,” என்பார் தேவமலர் அம்மா, வெங்காயம் நறுக்கிக்கொண்டே. “இன்னும் சின்னதா. அடக்கப் பாத்து முடியாம வர்ற மாதிரி.”

“இருமுனவன் நானு. எனக்கே சொல்லித் தர்றியா?”

“சரி, இருமுங்க.”

விழாவன்று மண்டபம் நிறைந்திருந்தது. பழைய தோட்டத்து ஆட்கள் எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். முன்வரிசையில் சாமிக்கண்ணு, தலையை அழகாக வாரிக்கொண்டு. மங்களத்தின் குரல் ஸ்பீக்கரில் எழுந்ததும் நரைத்த தலைகள் தானாக ஆடின. ஐயா மேடையில் மைக்கைப் பிடித்து நின்றார்.

“பதில் சொல்லு மாமா.”

ஐயா இருமினார். காலையில் ஸ்டார்ட் ஆகாத லாரியின் சத்தம் போல இருந்தது.

“இது இல்ல லா!” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். கூடம் சிரித்தது.

“ஆர்மோனியக்காரனக் கூப்பிடுங்கய்யா!” என்றார் சாமிக்கண்ணு.

“தொண்ட காஞ்சிருச்சு. இன்னொரு தடவ போடுங்க,” என்றார் ஐயா. சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பாட்டு மறுபடி ஓடியது. யுகேந்திரன் பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். அந்த இடம் வந்தது. இசை நின்றது. ஐயா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

அப்போது பெண்கள் பக்கமிருந்து ஒரு சின்ன இருமல். அடக்கப் பார்த்து முடியாமல் வந்தது போல.

“க்ஹும்.”

ஐம்பது தாண்டிய அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். யாரும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தேவமலர் அம்மா வாயில் முந்தானையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

“அத்த, நீங்களா?” என்றார் யுகேந்திரன்.

“ஆமா. வேற யாரு.” எழுந்து நின்றார். “சிங்கப்பூர்ல எறங்குனதும் ஐஸ் கச்சாங் வாங்கிக் குடுத்தாங்க. மொத தடவ தின்னேன். தொண்ட கட்டிருச்சு. பாட்டு முடிஞ்சதும் மாஸ்டர் குதிக்கிறாரு, எவன்டா இருமுனது, லாரிக்காசு குடுக்க மாட்டேன், நடந்தே ஊருக்குப் போன்னு. நான் அழுதுட்டேன். இவரு கையத் தூக்கிட்டாரு.”

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அது விளங்கும். காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்க மண்டோர் பேர் கூப்பிடும்போது, பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடிவரும் பெண்ணுக்காகக் கூட்டத்திலிருந்து யாராவது ‘இருக்கேன்’ என்று கை தூக்கிவிடுவார்கள். இல்லாவிட்டால் அன்றைய கூலி போச்சு. யார் தூக்கியது என்று யாரும் பிறகு பேச மாட்டார்கள்.

“பெரட்டுல பழகுன கை,” என்றார் ஐயா மைக்கில், சின்னக் குரலில். “அதுவா தூக்கிருச்சு.”

“அந்தக் கைக்காகத்தான் கட்டிக்கிட்டேன்,” என்றார் அம்மா. “ஆனா தூக்குன கைய இவரு இன்னும் எறக்கல.”

மண்டபம் அடங்க நேரமாயிற்று. பெண்ணுக்குத் தான் போர்த்தக் கூடாதே என்று யுகேந்திரன் பொன்னாடையோடு அங்குமிங்கும் திரும்பினார். ஐயா அதை வாங்கிக் கீழே இறங்கிவந்து மனைவியின் தோளில் போட்டார். கோணலாகப் போட்டார். அம்மா சரி செய்துகொண்டு, ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். “துணி மட்டம். சோபாவுக்கு ஆவும்.”

சாமிக்கண்ணு இதற்காகத்தான் காத்திருந்தார். “டேய் நல்லமுத்து! அப்ப நீ அந்தப் பாட்டுல என்னாதான்டா பண்ண?”

ஐயா யோசித்தார். மண்டபம் முழுக்க அவர் முகத்தைப் பார்த்தது. மெல்ல நெஞ்சு நிமிர்ந்தது.

“இருமாம இருந்தேன்.”

“என்னாது?”

“அந்த எடத்துல எல்லாரும் மூச்ச அடக்கிட்டு சும்மா இருக்கணும். நான் சும்மா இருந்தேன். இவ சத்தத்துல இத்தன வருசமா அது வெளிய தெரியல. இப்பத்தான் அந்தப் பையன் சுத்தமா தொடச்சுக் குடுத்திருக்கான். யுகேந்திரன், இன்னொரு தடவ போடுய்யா, கேக்கட்டும்!”

யுகேந்திரன் என்ன செய்வதென்று தெரியாமல் பித்தானை அழுத்தினார். மங்களம் மறுபடி ஆரம்பித்தார், எந்த மாசம், எந்தக் கோயில் என்று. ஜனம் சிரித்துச் சிரித்து ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டிருந்தது. பாட்டு முடிவை நெருங்கும்போது தேவமலர் அம்மா பொன்னாடையோடு எழுந்து கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“ஷ், பேசாம இருங்க எல்லாரும்,” என்றார். “அவரு வர்ற எடம்.”